போலீஸைத் தாக்கியதாகத் தண்டனை: தம்பிக்காக அப்பீல் போகலாமா?

கேள்வி: என் தம்பிக்கு இப்போது 24 வயது. 2021 ஆகஸ்டில் ஓர் இரவு வேலை முடிந்து பைக்கில் வரும்போது வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். ஒருவர் சீருடையில் தள்ளி நின்றிருக்கிறார். சாதாரண உடையில் இருந்த இன்னொருவர் வந்து வண்டிச் சாவியைப் பிடுங்கியிருக்கிறார். தம்பி அவர் கையைத் தட்டிவிட, தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. அவர் தலைமைக் காவலர் என்று பிறகுதான் தெரிந்ததாம். தம்பிக்கு உதட்டில் மூன்று தையல். 11 நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தான். இந்திய தண்டனைச் சட்டம் 294(பி) (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது), 186 (பொது ஊழியரின் பணியைத் தடுப்பது), 353 (பணியைச் செய்யவிடாமல் பொது ஊழியரைத் தாக்குவது), 332 (பொது ஊழியருக்குக் காயம் ஏற்படுத்துவது) ஆகிய நான்கு பிரிவுகளிலும் குற்றவாளி என்று 12 நாட்களுக்கு முன் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் தீர்ப்பாகிவிட்டது. ஓராண்டு சிறை, 3,000 ரூபாய் அபராதம். அபராதத்தைக் கட்டிவிட்டோம். அப்பீலுக்காகத் தண்டனையை 30 நாள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். "போலீஸை எதிர்த்து அப்பீல் போனால் தண்டனை கூடிவிடும், புதுச் சட்டத்தில் ஐந்து வருஷம்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். தம்பி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன், புத்தகத்தை மூடிவைத்துவிட்டான். அந்தக் காவலரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டால் முடியுமா? அப்பீல் போவதில் பலன் உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அப்பீல் போங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களை வைத்தே இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். வெற்றி நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேல் நீதிமன்றம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்விகள் இந்த வழக்கில் உண்மையாகவே இருக்கின்றன.

முதலில் தேதி. நடுவர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 30 நாள் தருகிறது. சான்றிட்ட தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டு, நகல் தயாராக ஆகும் நாட்களை அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் அவகாசம் இருக்கிறதே" என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. நகலுக்கான நாட்களைக் கழித்தால் அப்பீலுக்கான கெடு நீளும். நடுவர் தந்த தண்டனை நிறுத்திவைப்பு நீளாது, அது சொன்ன தேதியில் முடிந்துவிடும். அதற்குள் அமர்வு நீதிமன்றத்தில் அப்பீலும், தண்டனையை மேலும் நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் தாக்கலாகி உத்தரவு வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் தம்பி சரணடைய வேண்டிய நிலை வரும், பிடிவாரண்டும் வரலாம். ஆகவே உங்களுக்கு இருப்பது 18 நாள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கடைசி வாரத்தை நம்பாதீர்கள். தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கோரும் வழி சட்டத்தில் உண்டு, ஆனால் கையில் நாள் இருக்கும்போது அந்த வழியைத் தேடிப் போக வேண்டாம்.

தண்டனை கூடிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டுகளில் சட்டம் மாறியதால் இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பொது ஊழியருக்குக் காயம் ஏற்படுத்துவது பழைய 332ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை தண்டனைக்குரியது. புதிய சட்டத்தின் 121(1)இல் அது 5 ஆண்டு வரை உயர்ந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் கேள்விப்பட்டது இதைத்தான். ஆனால் சம்பவம் நடந்தது 2021இல். குற்றம் நடந்த நாளில் என்ன தண்டனை இருந்ததோ அதற்கு மேல் யாருக்கும் விதிக்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(1)ஆம் கூறு. உங்கள் தம்பியின் வழக்கு கடைசிவரை பழைய தண்டனைச் சட்டத்தின் கீழ்தான். இப்போது போடப்போகும் அப்பீல் மட்டும் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415(3)ஆம் பிரிவின் கீழ் தாக்கலாகும். மனுவில் பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இன்னொன்று: குற்றவாளி தாக்கல் செய்த அப்பீலில், அந்த அப்பீலை வைத்தே அவருடைய தண்டனையைக் கூட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. பழைய நடைமுறைச் சட்டத்தின் 386ஆம் பிரிவு, புதியதன் 427ஆம் பிரிவு இரண்டும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தண்டனை போதாது என்று அரசே தனியாக மேல்முறையீடு செய்தால்தான் அந்தப் பேச்சே வரும். அப்போதும் உங்கள் தம்பிக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்டாக வேண்டும். அந்த விசாரணையில் தன்னை விடுவிக்கக் கோரி வாதிடவும் அவருக்கு உரிமை உண்டு. உங்கள் அப்பீல் தண்டனையைக் கூட்டிவிடும் என்பது வெறும் பயம்.

அமர்வு நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்பதில்தான் குடும்பங்களுக்கு அதிக ஏமாற்றம் வருகிறது. தம்பி கூண்டில் ஏறித் தன் கதையைச் சொல்லப்போவதில்லை. தலைமைக் காவலரை மறுபடி கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்யப்போவதுமில்லை. கீழ்க்கோர்ட் பதிவு முழுவதையும் வரவழைத்து, சாட்சியம், சான்றாவணம், தீர்ப்பு மூன்றையும் வைத்துக்கொண்டு, இந்தச் சாட்சியத்திலிருந்து இந்த முடிவுக்கு வந்தது சரியா என்று நீதிபதி புதிதாகப் பார்ப்பார். ஆகவே "நடந்தது என்ன" என்பதைவிட "பதிவில் என்ன இருக்கிறது" என்பதே இனி உங்கள் கவலையாக இருக்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் எழுதியதில் எவ்வளவு அந்தக் கேஸ் கட்டுக்குள் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

குறிப்பாகச் சாதாரண உடை விஷயம். இந்த வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 353ஆம் பிரிவு நிற்க இரண்டு தேவை. ஒன்று, வெறும் வாய்ச்சண்டையாக இல்லாமல் தாக்க முனைதலோ குற்றமுறு வன்முறையோ இருக்க வேண்டும். வெறும் சொற்கள் மட்டும் தாக்க முனைதல் ஆகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. பெங்களூரு போக்குவரத்துப் போலீஸின் முகநூல் பக்கத்தில் எழுதிய கருத்துக்காக 353 போட்ட வழக்கை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது இதே அடிப்படையில்தான். உங்கள் தம்பி வழக்கில் கை பட்டிருக்கிறது, ஆகவே இந்த முதல் படியில் நின்று மட்டும் வாதாட முடியாது. இரண்டாவது, அந்தப் பொது ஊழியர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தபோதோ, அதைச் செய்யவிடாமல் தடுப்பதற்காகவோ அது நடந்திருக்க வேண்டும். 332க்கும் இந்த இரண்டாவது கேள்வி பொருந்தும். அந்த இரவில் அந்தத் தலைமைக் காவலர் அதே இடத்தில் வாகனச் சோதனைப் பணிக்கு நியமிக்கப்பட்டிருந்தாரா? நிலையத்தின் பணிப் பட்டியல், பொது நாட்குறிப்பு இவற்றை அரசுத் தரப்பு சான்றாவணமாகக் குறியீடு செய்ததா? "நான் பணியில் இருந்தேன்" என்று அவர் வாயால் சொன்னது மட்டும்தான் இருக்கிறதா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, சீருடையில் இருக்கும் காவல் அலுவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. "சீருடையில்" என்ற அந்தச் சொல் சும்மா போடப்பட்டதல்ல. இருட்டில் நடுரோட்டில் வண்டியை மறிப்பவர் யார் என்று ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. உரிமமோ பதிவோ இல்லாத வண்டியைத் தடுத்துவைக்க 207ஆம் பிரிவு வழி சொல்கிறது. சாவியைப் பிடுங்கலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் அவர் செய்தது சட்டவிரோதம், தம்பி செய்தது சரி" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தண்டனைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பொது ஊழியர் ஒருவர் தன் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல், சட்டப்படி முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் தராதவரை அதை எதிர்த்துத் தற்காப்பு உரிமை கிடையாது. சாவியைப் பிடுங்கியது முறையில்லை என்று மட்டும் வாதிட்டு வழக்கை இழந்தவர்கள் உண்டு. ஆனால் அதே பிரிவின் முதல் விளக்கத்தை உங்கள் வழக்கறிஞர் இரண்டு முறை படிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் பொது ஊழியர் என்று தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் ஒருவர் தன் தற்காப்பு உரிமையை இழப்பதில்லை என்கிறது அது. இருட்டு, சாதாரண உடை, அடையாள அட்டை காட்டவில்லை, சீருடைக்காரர் தள்ளி நின்றார் என்ற நான்கும் சாட்சியத்தில் எந்த மூலையிலாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். சீருடைக் காவலர் குறுக்கு விசாரணையில் "ஆமாம், அவர் அன்று மஃப்டியில் இருந்தார்" என்று ஒப்புக்கொண்ட ஒரு வரி இருந்தால்கூட அது பொன் போன்றது. எதிர்த்தரப்பு இதற்கு என்ன சொல்லும் என்பதையும் யோசித்துவையுங்கள். பக்கத்திலேயே சீருடையில் ஒருவரும் தடுப்பும் இருந்ததால் இது போலீஸ் சோதனை என்று யாருக்கும் புரிந்திருக்கும் என்பார்கள். எவ்வளவு தூரம், வெளிச்சம் இருந்ததா, தடுப்பு இருந்ததா என்ற கேள்விகளுக்குச் சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் பதில் சொல்லும். அவற்றின் நகலைத் தவறாமல் வாங்குங்கள்.

விசாரணையின்போது தற்காப்பு என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்களோ என்று நீங்கள் கவலைப்படலாம். பதிவில் இருக்கும் சாட்சியத்திலிருந்தே தற்காப்பு தெரியவந்தால், குற்றவாளி அதை வெளிப்படையாகக் கோரியிருக்காவிட்டாலும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லியிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமையும் உங்கள் பக்கம் இல்லை, அப்படி இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

அடுத்து அந்த மூன்று தையல். கைது செய்தபோது அல்லது சிறைக்கு அனுப்பும் முன் அரசு மருத்துவமனையில் காட்டியிருப்பார்கள், அங்கே விபத்துப் பதிவேட்டில் பதிவு இருக்கும். அந்தப் பதிவின் நகலான ஏ.ஆர். காப்பி வழக்கில் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டதா? தம்பிக்கு எப்படிக் காயம் வந்தது என்று அரசுத் தரப்பு சாட்சி யாராவது விளக்கினார்களா? ஒரே சம்பவத்தில் குற்றவாளிக்கும் காயம் இருந்து, அதைப் பற்றிச் சாட்சிகள் மூச்சுவிடாமல் இருந்தால் அவர்கள் நடந்ததை முழுமையாகச் சொல்லவில்லை என்று கருத இடமுண்டு. இது 1976இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. சிறு கீறலுக்கு இது பொருந்தாது, உதட்டுத் தையலுக்கு வாதிடலாம். ஏ.ஆர். காப்பி கீழ்க்கோர்ட்டில் வராமல் போயிருந்தால், கூடுதல் சான்றை ஏற்கக் கோரிப் புதிய சட்டத்தின் 432ஆம் பிரிவில் மனுப் போடலாம். அரிதாகத்தான் அனுமதிப்பார்கள். ஆனால் இது மருத்துவமனைப் பதிவு, அன்றைக்கே எழுதப்பட்டது, பின்னால் உருவாக்கியதல்ல. கேட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

தலைமைக் காவலரின் காயச் சான்றிதழையும் இதே கண்ணோடு பாருங்கள். மருத்துவரிடம் அவர் முதலில் சொன்னது என்ன, எத்தனை மணிக்கு? கோர்ட்டில் "கட்டையால் அடித்தான்" என்றும் மருத்துவரிடம் "கையால் அடித்தார்கள்" என்றும் இருந்தால், அந்த முரண்பாட்டைக் கீழ்க்கோர்ட் தீர்ப்பு எப்படிக் கடந்து போனது? முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்குப் பதிவானது, நடுவரிடம் எப்போது போய்ச் சேர்ந்தது? கிழிந்த சட்டை என்று சொல்லியிருந்தால் அந்தச் சட்டை சான்றுப் பொருளாக வந்ததா?

"சாட்சிகள் எல்லோரும் போலீஸ்காரர்கள்", "புகார் கொடுத்தவர் வேலை பார்க்கும் ஸ்டேஷனிலேயே விசாரித்தார்கள்" என்ற இரண்டும் குடும்பத்தாருக்கு மிக வலுவான வாதமாகத் தோன்றும். நீதிமன்றத்தில் அவை தனியாக நிற்காது. போலீஸ்காரர் என்பதற்காக மட்டும் ஒருவர் சாட்சியத்தை ஒதுக்க முடியாது. புகார்தாரரே விசாரணை அதிகாரியாக இருந்தாலும் அதனால் மட்டும் வழக்கு கெட்டுவிடாது, பாதகம் நேர்ந்ததைக் காட்ட வேண்டும் என்று 2020இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. பத்துப் பேர் நின்றிருந்த இடத்தில் ஒரு பொதுமகன்கூடச் சாட்சியாக இல்லை என்பதை மற்ற முரண்பாடுகளோடு சேர்த்துச் சொன்னால்தான் கனம் கூடும்.

186ஆம் பிரிவுத் தண்டனை சட்டப் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய நடைமுறைச் சட்டத்தின் 195ஆம் பிரிவுப்படி, சம்பந்தப்பட்ட பொது ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தாக்கல் செய்தால்தான் அந்தக் குற்றத்தை நடுவர் கையிலெடுக்க முடியும். சாதாரண எஃப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் போதாது. ஆனால் 186 விழுந்தால் 353உம் கூடவே விழும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வேறு குற்றங்கள் என்று 1966லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 294(பி) பற்றி: திட்டியது மட்டும் போதாது, சொல் ஆபாசமானதாக இருக்க வேண்டும், அது மற்றவர்களுக்குத் தொந்தரவு தந்ததற்குச் சாட்சியம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது.

இவையெல்லாம் விடுதலைக்கான வாதங்கள். அப்பீல் மனுவில் மாற்றுக் கோரிக்கை ஒன்றும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லுங்கள். "குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஒருவேளை நிரூபிக்கப்பட்டதாகக் கருதினாலும், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட வேண்டும்" என்பது அந்தக் கோரிக்கை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்த உத்தரவைப் போடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்குத்தான் அந்தப் பிரிவு பொருந்தாது. முன் வழக்கு எதுவும் இல்லாத இளைஞருக்கு ஏன் இந்தச் சலுகையைத் தரவில்லை என்பதற்கு நடுவர் சிறப்புக் காரணம் எழுதியிருக்க வேண்டும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "போலீஸைத் தாக்கியதால் கருணைக்கு இடமில்லை" என்று ஒரே வரி இருந்தால், அதுவே தாக்கத்தக்கது. சம்பவத்தின்போது தம்பிக்கு 20 வயதுதான் என்பதால் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான, நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடைக்குமே என்று யாராவது சொல்லலாம். குற்றவாளி என்று முடிவு செய்யும் நாளின் வயதைத்தான் கணக்கில் கொள்வார்கள், ஆகவே அது கிடைக்காது. ஆனாலும் அந்த வயதைச் சொல்லி 4ஆம் பிரிவைக் கேட்கலாம்.

வேலை விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுகிறேன். தண்டனையை நிறுத்திவைப்பதால் அவர் சிறைக்குப் போவது மட்டுமே நிற்கும். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். தீர்ப்பையே நிறுத்திவைக்கக் கோரித் தனி மனுப் போடலாம், அது அரிதாகக் கிடைக்கும் ஒன்று. ராகுல் காந்தி வழக்கில் 2023இல் அமர்வு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மறுத்த பிறகு உச்ச நீதிமன்றத்தில்தான் அது கிடைத்தது. நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நடந்த சம்பவத்தை வேலை தருபவர் கணக்கில் எடுக்க அது தடையாகாது. விண்ணப்பத்தில் குற்றவழக்கு பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால், வழக்கைவிட மறைத்ததே பெரிய சிக்கலாகும். முழு விடுதலைதான் அவருக்கு நல்லது. அதற்காகவே முழு மூச்சோடு போராடச் சொல்கிறேன். அதற்குள் புத்தகத்தை மூடிவைக்க வேண்டிய அவசியமில்லை என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் காவலரைப் போய்ப் பார்க்க வேண்டாம். 353உம் 332உம் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்கள் அல்ல, அவர் மன்னித்தாலும் வழக்கு முடியாது. பணியில் இருந்த பொது ஊழியருக்கு எதிரான குற்றங்களில் சமாதானத்தை உயர் நீதிமன்றங்களும் எளிதில் ஏற்பதில்லை. போனதே சாட்சியை மிரட்டப் போனதாக மாறிவிடக்கூடும். யாராவது நடுவில் நின்று பணம் பேசினால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். சட்டம் சொல்லும் இன்னும் சில பிரிவினரைத் தவிர, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அமர்வு நீதிமன்றத்திலும் தோற்றால், 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுப் போடலாம். அங்கே சாட்சியத்தை மறுபடி அலச மாட்டார்கள், சட்டப் பிழையும் வெளிப்படையான அநீதியும் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஆகவே உண்மை விவரங்களைச் சொல்லி வாதாடும் கடைசி இடம் அமர்வு நீதிமன்றம்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைசியில் தண்டனை உறுதியானாலும், அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த 11 நாள் கழிக்கப்படும்.

நாளைக்கே செய்ய வேண்டியது: சான்றிட்ட தீர்ப்பு நகலோடு எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலம், சாட்சியம் பற்றி நடுவர் தம்பியிடம் கேட்டுப் பதிவுசெய்த 313 கேள்வி பதில், தம்பியுடையதும் தலைமைக் காவலருடையதுமாக இரண்டு ஏ.ஆர். காப்பிகள், மகஜர், வரைபடம் எல்லாவற்றுக்கும் நகல் மனுப் போடுங்கள். தீர்ப்பு நகல் ஒன்றைக் குற்றவாளிக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், அதை ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். மற்ற நகல்களுக்காக அப்பீல் தாக்கல் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். அபராதம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், விடுதலையானால் அந்தப் பணம் திரும்பி வரும். தண்டனை நிறுத்திவைப்பு உத்தரவு வந்ததும் ஜாமீன்தாரர்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். முன்பு நின்ற இருவரும் மறுபடி நிற்பார்களா என்று இந்த வாரமே கேட்டுவைத்துவிடுங்கள்.